மிக்ஸி ஓடினால் படம் ஏன் நிற்கிறது?

கோலாலம்பூர் செந்தூலில் எங்களுடையது இரட்டை மாடி வரிசை வீடு. ஃபைபர் கம்பி வாசல் பக்கமாக உள்ளே வருகிறது. மோடமும் ரௌட்டரும் ஹாலில், சாமி மேடைக்கு அடுத்த அலமாரியில் இருக்கின்றன. அப்பாவின் அறை மாடியில், அதுவும் பின்பக்கம். நடுவே இரண்டு செங்கல் சுவர், ஒரு கான்கிரீட் தளம், குளியலறை டைல்ஸ். வைஃபை இத்தனையையும் தாண்டி அப்பாவின் டிவிக்குப் போய்ச் சேரும்போது அதற்கு மூச்சு வாங்கிவிடும். "டேய், மறுபடியும் சுத்துதுடா" என்று மாடியிலிருந்து குரல் வரும். திரையின் நடுவில் சுழலும் அந்த வட்டத்தை அவர் சீரியல் வில்லியைவிட அதிகம் வெறுத்தார்.

கூரையில் துளை போட்டு லேன் கேபிள் இழுக்க அம்மா சம்மதிக்கவில்லை. தீபாவளிக்குத்தான் பெயிண்ட் அடித்திருந்தோம். அதனால் லோ யாட் பிளாசாவுக்குப் போய் ஹோம்பிளக் ஒரு ஜோடி வாங்கி வந்தேன். சிலர் இதைப் பவர்லைன் அடாப்டர் என்பார்கள். கைக்கடக்கமான பெட்டி, நம் ஊர் மூன்று பின் பிளக் அதிலேயே இருக்கும். ஒன்றை ஹாலில் பிளக் பாயிண்டில் செருகி, ரௌட்டரிலிருந்து சின்ன லேன் கேபிளால் இணைத்தேன். இன்னொன்றை அப்பாவின் அறையில் செருகி, அதிலிருந்து டிவிக்கு ஒரு கேபிள். அவ்வளவுதான் வேலை. நடுவில் புதிதாக ஒரு கம்பியும் இல்லை. வீட்டுக்குள் ஏற்கெனவே ஓடும் கரண்ட் கம்பியே இணையத்தையும் சுமந்துகொண்டு மேலே போனது. வட்டம் சுற்றுவது நின்றது.

தினமும் சாயங்காலம் ஆறரை மணியைத் தவிர. அப்போது மட்டும் படம் நிற்கும். அது தோசைக்கு அம்மா சட்னி அரைக்கும் நேரம் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

முதலில், கரண்ட் ஓடும் கம்பியில் இணையம் எப்படி ஓடுகிறது? பெட்டியைச் செருகிய அன்றே அம்மா கேட்டார்: "ஏன்யா, படத்தோட கரண்டும் சேர்ந்து டிவிக்குள்ள போயிடாதா?" நல்ல கேள்வி. கடைக்காரரிடம் நான் கேட்டிருக்க வேண்டியது.

மலேசியாவில் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். அது ஒரே திசையில் ஓடுவதில்லை; வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஆடுகிறது. ஹோம்பிளக் அதே கம்பியில் மிகச் சிறிய இன்னொரு ஆட்டத்தை ஏற்றுகிறது. ஆனால் அது வினாடிக்கு ஏறக்குறைய 20 லட்சம் முறையில் தொடங்கி, புதிய வகைப் பெட்டிகளில் 8 கோடியே 60 லட்சம் முறை வரை ஆடும். 50 எங்கே, 20 லட்சம் எங்கே? நாற்பதாயிரம் மடங்கு வித்தியாசம்.

தைப்பூசத்தன்று பத்துமலையில் நின்றிருப்பீர்கள். உறுமி மேளம் நெஞ்சுக்கூட்டை உலுக்கிக்கொண்டு போகும். அதே காற்றில் சிறுசுகள் ஊதும் விசில் கீச்சென்று காதில் ஏறும். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தாலும் நம் காது குழம்புவதில்லை. உறுமி உறுமியாகவும் விசில் விசிலாகவும் கேட்கிறது. ஒன்று அவ்வளவு தணிவு, மற்றது அவ்வளவு உச்சம். கரண்ட் என்பது உறுமி. இணையம் அந்த விசில். பெட்டிக்குள் இருக்கும் கப்பாசிட்டர் தணிந்த ஆட்டத்தைத் தடுத்து, உயர்ந்த ஆட்டத்தை மட்டும் உள்ளே விடும். அதற்குப் பின்னால் ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு பக்கத்தையும் கம்பித் தொடர்பே இல்லாமல் பிரித்து வைக்கிறது. அதனால் டிவிக்குப் போவது விசில் மட்டும்தான். இதைச் சொன்னபோது அம்மா பாதி நம்பினார்.

இந்த யோசனை ஒன்றும் புதிதில்லை. 1920களிலேயே மின் நிறுவனங்கள் உயர் அழுத்தக் கம்பிகள் வழியாகத் தங்களுக்குள் தொலைபேசியில் பேசிக்கொண்டன. 1975இல் ஸ்காட்லாந்தில் உருவான எக்ஸ்10 என்ற முறை, வீட்டு வயரிங் வழியாகவே விளக்கை அணைக்கவும் ஏற்றவும் வைத்தது. படம் பார்க்கும் அளவுக்கு வேகம் வந்தது அதற்கு வெகுகாலம் கழித்து. 2000இல் பல நிறுவனங்கள் சேர்ந்து ஹோம்பிளக் கூட்டமைப்பைத் தொடங்கின. 2001இல் வந்த முதல் தரம் வினாடிக்கு 14 மெகாபிட். 2005இல் வந்த ஹோம்பிளக் ஏவி 200 மெகாபிட். அந்த வழிமுறையும் இடம்பெற்ற உலகத் தரம் ஐஇஇஇ 1901, 2010இல் வெளியானது. 2012இல் ஏவி2 வந்தது. கடைகளில் காணும் ஏவி1000, ஏவி1300 போன்ற பெயர்கள் இந்த ஏவி2 வம்சத்தைச் சேர்ந்தவை. ஏவி2இல் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. பழைய பெட்டிகள் லைவ், நியூட்ரல் ஆகிய இரண்டு கம்பிகளை மட்டுமே பயன்படுத்தும். ஏவி2 வகையில் சில எர்த் கம்பியையும் சேர்த்துக்கொண்டு இரண்டு பாதைகளில் அனுப்பும். நம் ஊர் பிளக்கில் மூன்றாவது பின் இருப்பது இங்கே லாபம்.

இனி மிக்ஸி விஷயத்துக்கு வரலாம்.

கரண்ட் கம்பியை யாரும் இணையத்துக்காக இழுக்கவில்லை. லேன் கேபிளுக்குள் கம்பிகள் ஜோடி ஜோடியாக முறுக்கப்பட்டு, வெளிச்சத்தம் ஒட்டாதபடி செய்யப்பட்டிருக்கும். வீட்டு வயரிங் அப்படி இல்லை. சுவருக்குள் கிளை பிரியும், முட்டுச்சந்தில் முடியும். ஒவ்வொரு முனையிலும் ஏதோ ஒரு சாதனம் செருகியிருக்கும். அந்தச் சாதனங்கள் ஒவ்வொன்றும் கம்பிக்குள் தன் பங்குக்குச் சத்தம் போடும். ஃபோன் சார்ஜர், மலிவான எல்இடி பல்பு, ஃபேன் ரெகுலேட்டர், எல்லாமே. அதிலும் மிக்ஸி தனி ரகம். அதன் மோட்டாரில் கார்பன் பிரஷ் உரசிக்கொண்டே சுற்றும். உரசுமிடத்தில் பொறி பறக்கும். இருட்டில் பின்பக்கத் துவாரத்தைப் பார்த்தால் நீலமாகத் தெரியும். ஒவ்வொரு பொறியும் கம்பிக்குள் ஒரு வெடிச் சத்தம். விசில் ஊதும் இடத்தில் பட்டாசுக் கட்டைக் கொளுத்தியது போல.

இத்தனை இரைச்சலிலும் இந்தப் பெட்டிகள் எப்படித்தான் வேலை செய்கின்றன? அதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியவர் அப்பா. அவர் இளமையில் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். ஒருவருக்கு ஒரு நிரை என்று கொடுப்பார்கள். நிரையில் நூற்றுக்கணக்கான மரங்கள். எல்லா மரமும் ஒன்றுபோல் பால் தராது. ஒன்று கோப்பை நிறையத் தரும். ஒன்று பாதி தரும். ஒன்று காய்ந்து கிடக்கும். அனுபவப்பட்டவருக்கு எந்த மரத்தில் எவ்வளவு என்று மனப்பாடம்.

ஹோம்பிளக்கும் அதைத்தான் செய்கிறது. ஏவி தரத்தில் அது தன் அலைவரிசையை 1155 மெல்லிய நிரைகளாகப் பிரித்துக்கொள்ளும். ஒவ்வொரு நிரையிலும் சோதனைச் செய்தி அனுப்பி, எவ்வளவு சுத்தமாகப் போய்ச் சேர்கிறது என்று அளக்கும். நன்றாக இருக்கும் நிரையில் ஒரு தடவைக்கு 10 பிட் வரை ஏற்றும். சுமாராக இருந்தால் இரண்டோ மூன்றோ. காய்ந்த நிரையில் ஒன்றுமே ஏற்றாது. இந்தக் கணக்கை ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டு அடிக்கடி திருத்திக்கொண்டே இருக்கும். சில சத்தங்கள் மின்சாரத்தின் ஆட்டத்தோடு ஒட்டி, ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் வரும். அதற்கும் தயாராக, ஒரு சுற்றின் வெவ்வேறு பகுதிகளுக்கு வெவ்வேறு பட்டியல் வைத்திருக்கும். அப்பாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப அதுவும் பால் மரம் வெட்டத் தெரிஞ்ச பெட்டிதான்" என்றார்.

அந்த 1155இலும் எல்லாமே பயன்பாட்டுக்கு வராது. வட அமெரிக்க விதிப்படி 917 மட்டுமே. மீதியை அமெச்சூர் வானொலிக்காரர்கள் பேசும் அலைவரிசைக்காக ஒதுக்கிவிடுகிறார்கள். ஹோம்பிளக் ஏறும் இடம் பழைய சிற்றலை வானொலியின் இடமும்கூட. இலங்கை வானொலியைச் சிற்றலையில் பிடித்துக் கேட்ட என் தாத்தா இருந்திருந்தால், இந்தப் பெட்டியை முதல் நாளே பிடுங்கி எறிந்திருப்பார். மின்னல் எஃப்எம் கேட்பவர்களுக்குக் கவலை வேண்டாம். 96.3 இவை எட்டாத உயரத்தில் இருக்கிறது.

மிக்ஸி திடீரென்று ஓடத் தொடங்கினால் என்ன ஆகும்? பெட்டியின் கையிலிருந்த பட்டியல் ஒரே நொடியில் பழையதாகிவிடும். நிறைய பால் தந்த மரங்கள் எல்லாம் காய்ந்துபோனது போல. அனுப்பியது உடைந்து போய்ச் சேரும். திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டியிருக்கும். புதிய பட்டியல் போடும்வரை தடுமாறும். அப்போதும் எல்லாப் படமும் நிற்காது. நெட்பிளிக்ஸ் மாதிரி இடங்களில் டிவி முன்கூட்டியே நிறைய இறக்கி வைத்துக்கொள்ளும். நேரலையில் வரும் சேனலுக்கு அந்தச் சேமிப்பு மிகக் குறைவு. அப்பா பார்ப்பது எப்போதும் நேரலை. அதனால்தான் எங்கள் வீட்டில் சட்னிக்கும் சீரியலுக்கும் பகை.

பக்கத்து வீட்டு அண்ணன் லைசென்ஸ் பெற்ற வயர்மேன். அவரைக் கூப்பிட்டேன். வந்தவர் ஹோம்பிளக்கைத் தொடவே இல்லை. நேரே போய் டிபி பாக்ஸைப் பார்த்தார். வாசல் கதவுக்கு மேலே இருக்குமே, சுவிட்சுகள் வரிசையாக நிற்கும் அந்தப் பெட்டி. ஒவ்வொரு சுவிட்சாக இறக்கி, எந்த பிளக் பாயிண்ட் அணைகிறது என்று என்னை ஓடிப் பார்க்கச் சொன்னார். பத்து நிமிடத்தில் புரிந்துவிட்டது. ஹாலில் ரௌட்டர் இருக்கும் பாயிண்டும் சமையலறை மேடையில் மிக்ஸி செருகும் பாயிண்டும் ஒரே சுவிட்சின் கீழே. மாடிப்படிக்கு அடியில் இருக்கும் பாயிண்ட் மட்டும் மாடி லைனிலிருந்து இறக்கியது. "தம்பி, பெட்டியைப் படிக்கட்டுக்குக் கீழே மாத்து" என்றார். ஐந்து மீட்டர் லேன் கேபிள் ஒன்று வாங்கி, கீழ்ப் பெட்டியை அங்கே கொண்டுபோனேன். மிக்ஸியின் சத்தம் இப்போது டிபி பாக்ஸைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். வரும் வழியிலேயே பாதி செத்துவிடுகிறது. படம் நிற்பது அநேகமாகப் போய்விட்டது.

ஆக, ஹோம்பிளக் வாங்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது கடையில் இருக்கும் பெட்டியை அல்ல, வீட்டில் இருக்கும் டிபி பாக்ஸை. அதே ஜோடி என் வீட்டில் ஓடும், என் அக்கா வீட்டில் முடங்கும். முடங்கத்தான் செய்தது. செராஸில் அக்காவுடையது பெரிய செமி-டி வீடு, ஏழு ஏர்கான். அந்த மாதிரி வீடுகளுக்கு மின்சாரம் மூன்று ஃபேஸில், அதாவது மூன்று தனித்தனி லைவ் கம்பிகளில் வரும். கீழ்மாடி ஒரு ஃபேஸ், மேல்மாடி இன்னொன்று என்று பிரித்திருப்பார்கள். ஒரு ஃபேஸில் ஏற்றிய செய்தி அடுத்த ஃபேஸுக்குக் கசிந்துதான் போக முடியும். சில வீட்டில் அந்தக் கசிவே போதும். அக்கா வீட்டில் போதவில்லை. உங்கள் வீடு எந்த வகை என்று அறிய, டிபி பாக்ஸின் மெயின் சுவிட்சைப் பாருங்கள். இரண்டு கம்பிகளுக்கான ஒடுங்கிய சுவிட்ச் என்றால் ஒரே ஃபேஸ். நான்கு கம்பிகளுக்கான அகன்ற சுவிட்ச் என்றால் மூன்று. வெளியிலிருந்து பார்த்தாலே போதும். மூடியைக் கழற்றுவது வயர்மேன் வேலை, சட்டப்படியும் அப்படித்தான்.

அடுத்தது, செருகும் இடம். ஹோம்பிளக்கை நேரே சுவரில்தான் செருக வேண்டும். எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினால் வேகம் விழும். மின்னல் தடுப்பு உள்ள போர்டு என்றால் இன்னும் மோசம். வேண்டாத உயர் ஆட்டங்களை வடிகட்டுவதுதான் அந்த போர்டின் வேலை. உங்கள் இணையமும் அதற்கு வேண்டாத ஆட்டம்தான். சுவரில் ஒரே பாயிண்ட்தான் இருக்கிறதா? முகத்திலேயே இன்னொரு பிளக் துளை உள்ள ஹோம்பிளக் கிடைக்கும். அதைச் சுவரில் செருகி, போர்டை அதன் மேல் செருகுங்கள். அந்தத் துளைக்குப் பின்னால் வடிகட்டி வைத்திருப்பார்கள், போர்டில் உள்ள சார்ஜர்களின் இரைச்சல் கம்பிக்குள் போகாது. கொஞ்சம் விலை கூடினாலும் இந்த வகையையே வாங்குங்கள் என்பேன். வாங்கும்போது பிளக்கில் சிரிம் தர முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அட்டைப்பெட்டியின் மேல் போட்டிருக்கும் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. ஏவி1000 என்றால் உங்களுக்கு 1000 மெகாபிட் கிடைக்கும் என்று பொருளில்லை. அது கம்பியில் ஏறும் கச்சா வேகம், ஆய்வுக்கூட நிலவரம். அதில் ஒரு பங்கு பிழை திருத்தத்துக்கும் கட்டுப்பாட்டுச் செய்திக்கும் போய்விடும். மேலும், போக்கும் வரத்தும் ஒரே ஒற்றையடிப் பாதையில். ஒருவர் பேசினால் மற்றவர் கேட்கத்தான் வேண்டும். என் வீட்டில் இரண்டு பெட்டியையும் பக்கத்துப் பக்கத்தில் செருகியபோது 300 வந்தது. மாடிக்குக் கொண்டுபோனதும் 80. ஏர்கான் ஓடினால் 60. ஏமாற்றமாகத் தோன்றலாம். ஆனால் 4கே படத்துக்கு நெட்பிளிக்ஸ் கேட்பது 15 மெகாபிட். ஃபுல் எச்டிக்கு 5. போதாக்குறைக்கு, நிறைய டிவிகளில் இருக்கும் லேன் துளையே 100 மெகாபிட்டுக்கு மேல் வாங்காது. டிவிக்காக மட்டும் என்றால் விலை உயர்ந்த பெட்டியின் பின்னால் ஓட வேண்டாம். சில மலிவுப் பெட்டிகளில் 600 என்று எழுதிவிட்டு 100 மெகாபிட் துளை வைத்திருப்பார்கள். அது மட்டும் எனக்கு எரிச்சல்.

இரண்டு பெட்டியிலும் ஜோடி சேர்க்கும் பொத்தான் ஒன்று இருக்கும். செருகியவுடனேயே வேலை செய்கிறதே என்று பலர் அதைத் தொடுவதே இல்லை. தொடுங்கள். ஹோம்பிளக் ஏவி வகைப் பெட்டிகள் பெரும்பாலும் ஒரே பொதுக் கடவுச்சொல்லோடுதான் கடைக்கு வருகின்றன. கரண்ட் மீட்டர் சிக்னலைப் பெரிய அளவில் தேய்க்குமே தவிர, முழுதாகத் தடுக்காது. கொண்டோவில் எல்லா வீட்டுக் கம்பியும் ஒரே தண்டிலிருந்து பிரிகிறது. பக்கத்து வீட்டுக்காரரும் பொத்தானை அழுத்தாதவர் என்றால், இரண்டு வீட்டுப் பெட்டிகளும் ஒன்றையொன்று குசலம் விசாரிக்கத் தொடங்கிவிடும். ஒன்றில் அழுத்தி, இரண்டு நிமிடத்துக்குள் மற்றதில் அழுத்தினால் உங்களுக்கென்று தனிச் சாவி உருவாகும். பிறகு போவதெல்லாம் 128 பிட் ஏஇஎஸ் என்ற ரகசியக் குறியீட்டுப் பூட்டோடு போகும்.

"மெஷ் வைஃபை வாங்கினால் என்ன?" என்று கேட்பவர்களுக்கு: வாங்கலாம். வீட்டில் ஆங்காங்கே பெட்டி வைத்து வைஃபையைப் பரப்பும் முறை அது. கைப்பேசியும் மடிக்கணினியும் வீடு முழுக்க அலைகிறது என்றால் அதுதான் பொருத்தம். சுவர் தடித்த வீட்டில், ஒரே இடத்தில் நிற்கும் டிவிக்கோ விளையாட்டுப் பெட்டிக்கோ ஹோம்பிளக் கைகொடுக்கும். இரண்டையும்விட நேர் லேன் கேபிள் மேல்; அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கேட்6 வகை லேன் கேபிள் நூறு மீட்டர் வரை 1000 மெகாபிட்டை அசையாமல் கொடுக்கும். வீடு புதுப்பிக்கும்போது பைப்பில் இழுத்துவிடுங்கள். ஆஸ்ட்ரோ சாட்டிலைட் டிவி தட்டிலிருந்து வரும் தடித்த கோஆக்சியல் கேபிளிலேயே இணையத்தை அனுப்பலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அந்த வகைக் கேபிளில் இணையம் அனுப்ப மோகா என்ற முறை உண்டு. ஆனால் தட்டிலிருந்து வரும் சிக்னலும் மோகாவும் ஏறக்குறைய ஒரே அலைவரிசையில் இறங்கும். ஒரே கேபிளில் இரண்டும் மோதிக்கொள்ளும்.

கடைசியாக இடி மின்னல். கோலாலம்பூரில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. செம்புக் கம்பியில் இணையம் வந்த நாளில், பிற்பகல் மழை ஒவ்வொன்றுக்கும் தெருவில் யார் வீட்டிலாவது ஒரு மோடம் கருகும். ஃபைபர் கண்ணாடி, அதன் வழி மின்னல் பாயாது என்று நிம்மதியானோம். ஹோம்பிளக்கோ நேரே சுவரில், தடுப்பு போர்டு இல்லாமல் செருகியது. அதிலிருந்து லேன் கேபிள் டிவிக்குள் போகிறது. டிவியின் பவர் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. ஹோம்பிளக்கையும் பிடுங்க வேண்டும். வானம் கறுத்தால் அப்பா இப்போது முணுமுணுத்துக்கொண்டே எழுந்து இரண்டையும் பிடுங்கிவிட்டு, கீழே வந்து வாசலில் உட்கார்ந்து மழையைப் பார்ப்பார். எப்படியும் படம் ஓடவில்லையே என்று அம்மா அந்த நேரம் பார்த்துச் சட்னியை அரைத்துவிடுவார்.